கிளவுடில் போட்டாச்சு, அப்புறம்?

பழைய குடும்பக் காகிதங்களை ஸ்கேன் பண்ணிச் சேர்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதைத் தெரிந்தவர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் கூடவே ஒரு வரி சேர்ப்பார்கள்: "கிளவுட்லயும் போட்டாச்சு சார், இனிமே பயமில்ல." உண்மையிலேயே பயமில்லையா என்பதை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பிழைப்புக்கு நான் மென்பொருள் எழுதுகிறவன். மிச்ச நேரத்தில் நெடுங்காடு, காரைக்கால் பக்கத்துப் பழைய பத்திரங்களையும் பதிவேடுகளையும் தேடிக்கொண்டிருப்பவன். இந்த ஒரு கேள்வியில் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இரண்டு தனித்தனிக் கேள்விகள்

"என் ஃபைல் கிளவுடில் பத்திரமா?" என்று கேட்கும்போது நாம் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறோம். ஒன்று, ஃபைல் இருக்கிற டிஸ்க் கெட்டுப்போனால் ஃபைலும் போய்விடுமா? இன்னொன்று, டிஸ்க்கை வைத்திருக்கிற கம்பெனி கடையை மூடினால் ஃபைல் என்ன ஆகும்?

முதல் கேள்விக்குத் தொழில்நுட்பம் நல்ல பதிலே வைத்திருக்கிறது. அமேசானின் எஸ்3 சேமிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிலைப்புத்தன்மை 99.999999999 சதவீதம் என்கிறது அமேசான். மொத்தம் பதினொரு ஒன்பதுகள். அவர்களே தரும் கணக்குப்படி, நீங்கள் 1 கோடி ஃபைல்கள் வைத்தால் சராசரியாக 10,000 வருடத்துக்கு ஒரு ஃபைல் தொலையலாம். இது வெறும் விளம்பரம் இல்லை. ஃபைலைத் துண்டுகளாக்கி, ஒரு துண்டு போனாலும் மற்றவற்றிலிருந்து அதைக் கணக்கிட்டு மீட்கும்படி கூடுதல் துண்டுகளும் சேர்த்து, தனித்தனிக் கட்டடங்களில் இருக்கிற டிஸ்க்குகளில் பிரித்து வைப்பார்கள். ஒரு டிஸ்க் செத்தால் மற்றவற்றை வைத்து அதைத் திரும்பக் கட்டிவிடுவார்கள். நம் வீட்டு ஹார்ட் டிஸ்க்கால் இந்த அளவுக்குக் கிட்டவே வர முடியாது.

ஆனால் இந்தப் பதினொரு ஒன்பதும் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். கம்பெனி எடுக்கும் முடிவு அந்தக் கணக்கில் வராது. எங்கள் பக்கத்து பாஷையில் சொன்னால், நெல்லை மூன்று பத்தாயத்தில் பிரித்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றைக் கறையான் அரித்தாலும் மற்ற இரண்டும் பிழைக்கும். ஆனால் மூன்று பத்தாயமும் ஒரே மிராசுதார் வீட்டில் இருக்கின்றன. அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் மூன்றும் ஒன்றுதான்.

ஒரே கம்பெனி, நான்கு மூடல்கள்

இரண்டாவது கேள்விக்கு நம்மிடம் நிறைய அனுபவம் சேர்ந்துவிட்டது. யாஹூ ஒன்றை மட்டும் பார்த்தாலே போதும். அதன் படச் சேமிப்பான யாஹூ ஃபோட்டோஸ் 2007-ல் மூடப்பட்டது. படங்களை வேறு சேவைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் கோடாக் கேலரியும் இருந்தது. 2012-ல் கோடாக் திவாலாகி, அந்த ஜூலையில் கோடாக் கேலரியும் மூடியது. 2007-ல் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஐந்தே வருடத்தில் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

ஃபைல்களைப் போட்டுவைக்க யாஹூ கொடுத்த 'ப்ரீஃப்கேஸ்' 2009 மார்ச் இறுதியில் போனது. அதே வருடம் அக்டோபர் 26-ல் ஜியோசிட்டிஸ் போனது. 1990களின் கடைசியில் ஆர்வலர்கள் தொடங்கிய பல தமிழ்ப் பக்கங்கள் அங்கேதான் இருந்தன. ஜேசன் ஸ்காட் என்பவர் தொடங்கிய ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் ராத்திரி பகலாக உட்கார்ந்து முடிந்தவரை இறக்கி, 2010-ல் டோரண்டாக வெளியிட்டது. இன்று பழைய ஜியோசிட்டிஸ் பக்கம் ஏதாவது நம் கண்ணில் பட்டால், அது இதுபோல யாரோ எடுத்து வைத்த பிரதியாகத்தான் இருக்கும்.

நான்காவது, தமிழர்களை நேரடியாகத் தொட்டது: யாஹூ குழுமங்கள். ராயர் காப்பி கிளப், மரத்தடி, அகத்தியர், பொன்னியின் செல்வன் என்று 2000களில் இணையத் தமிழே அங்கேதான் குடியிருந்தது. கடிதப் பரிமாற்றத்தோடு ஒவ்வொரு குழுவுக்கும் ஃபைல்கள், படங்கள் போட்டுவைக்கத் தனி இடமும் இருந்தது. 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அக்டோபர் 28-க்குப் பிறகு புதிதாக எதையும் ஏற்ற முடியாது. டிசம்பர் 14-ல் எல்லாம் அழிக்கப்படும். எதிர்ப்பு கிளம்பியதும், தரவைக் கேட்டு வாங்கும் கெடுவை 2020 ஜனவரி 31 வரை நீட்டித்தார்கள். இதற்கு நடுவில், மொத்தமாக இறக்கிக்கொண்டிருந்த தன்னார்வலர்களின் பல கணக்குகளை நிர்வாகமே முடக்கியது. 2020 டிசம்பர் 15-ல் குழுமங்கள் முழுவதுமாக நின்றன.

அந்தக் கெடுவுக்குள் இறக்கிக்கொண்டவர்களுக்கு இன்னொரு சிக்கலும் காத்திருந்தது. அன்றைய மடல்களில் ஒரு பகுதி யூனிகோடு பரவுவதற்கு முந்தைய திஸ்கி குறியாக்கத்தில் எழுதப்பட்டது. இப்போது திறந்தால் திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துகள் கலைந்து கிடக்கும். மாற்றிகள் இருக்கின்றன, படித்துவிடலாம். ஆனால் அது திஸ்கி என்று அடையாளம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபைல் கையில் இருப்பது ஒன்று, அதைப் படிக்க முடிவது இன்னொன்று.

எத்தனை விதமாக மூடுவார்கள்?

மூடலில் பல வகை இருக்கிறது. வகையைப் பொறுத்துத்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

ஒழுங்கான மூடலுக்கு அமேசான் டிரைவ் உதாரணம். 2022 ஜூலையில் அறிவித்தார்கள், 2023 ஜனவரி 31-ல் புதிய ஏற்றத்தை நிறுத்தினார்கள், 2023 டிசம்பர் 31-ல் மூடினார்கள். கிட்டத்தட்ட பதினேழு மாதம். கையில் காசு தீர்ந்து மூடுவது வேறு கதை. நிர்வானிக்ஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் 2013 செப்டம்பரில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த அவகாசம் சுமார் இரண்டு வாரம். அதுவும் வீட்டுப் படங்களுக்கு இல்லை, பெரிய கம்பெனிகளின் மலை மலையான தரவுக்கு.

அரசாங்கம் மூடினால் அவகாசமே கிடையாது. 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மெகாஅப்லோடை முடக்கியது. குற்றச்சாட்டு திருட்டுப் படங்கள் பற்றியது. ஆனால் அதே சர்வர்களில் சொந்த ஃபைல் வைத்திருந்தவர்களுக்கும் அன்றே கதவு சாத்தப்பட்டது. பள்ளி விளையாட்டுப் போட்டிகளை வீடியோ எடுத்துப் பிழைத்த ஓஹையோ மாநிலத்துக்காரர் ஒருவர், தன் சொந்தப் படப்பதிவுகளைத் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றம் போனார். அதே சமயத்தில் அவருடைய ஹார்ட் டிஸ்க்கும் பழுதாகியிருந்தது. வருடக்கணக்கில் மனு மேல் மனு போட்டுப் பார்த்தார்.

நம் நாட்டிலும் இது நடந்தது. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது எல்லோரும் டிக்டாக்கைப் பற்றித்தான் பேசினார்கள். அதே பட்டியலில் கேம்ஸ்கேனரும் இருந்தது. ஆதார், பத்திரம், மார்க் ஷீட் என்று காகிதத்தைப் போனில் ஸ்கேன் பண்ண இங்கே நிறையப் பேர் வைத்திருந்த செயலி அது. தடை சரியா தவறா என்ற விவாதம் தனி. போனிலேயே படத்தைச் சேமித்தவர்களுக்கு நஷ்டம் இல்லை. அந்தச் செயலியின் ஆன்லைன் கணக்கை மட்டும் நம்பியிருந்தவர் நிலைமை வேறு.

கடை திறந்தே இருக்க, உங்கள் கணக்கு மட்டும் மூடப்படுவதும் உண்டு. இரண்டு வருடம் தொடப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் 1 முதல் கூகுள் அழிக்கத் தொடங்கியது. இறந்துபோனவரின் கணக்கை யார் தொடுவார்கள்?

மூடிய பிறகு ஏன் கிடைக்காது?

"எங்கயாவது ஒரு சர்வர்ல இருக்குமே, கேட்டா எடுத்துக் குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மாட்டார்கள் என்பதற்கு மூன்று காரணம் உண்டு.

முதல் காரணம், நான் முன்னே சொன்ன துண்டு போடும் முறை. ஒரு டிஸ்க்கைக் கழற்றிக் கையில் கொடுத்தால் அதில் உங்கள் கல்யாண ஆல்பம் முழுசாக இருக்காது. லட்சம் பேருடைய துண்டுகள் கலந்து கிடக்கும். எது யாருடையது என்று சொல்லும் அட்டவணை வேறு சர்வரில் இருக்கும். அட்டவணையை நிறுத்திவிட்டால் மிச்சம் வெறும் சத்தம்.

இரண்டாவது, மறையாக்கம். பெரிய சேவைகள் ஃபைல்களைப் பூட்டித்தான் வைக்கின்றன. மொத்தமாக அழிப்பதற்குச் சுலபமான வழி, டிஸ்க்குகளை விட்டுவிட்டு சாவிகளை மட்டும் அழிப்பது. சில வினாடி வேலை. சாவி போனபின் கம்பெனியே நினைத்தாலும் திறக்க முடியாது.

மூன்றாவது, சட்டம். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இந்தியாவில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கம் முடிந்த தனிநபர் தகவலை அழிக்கச் சொல்கின்றன. அந்தரங்கத்துக்கு நல்ல விதிதான். ஆனால் நம் கோணத்தில் பாருங்கள்: அழிப்பது கம்பெனியின் கடமை. நம் பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருப்பது யாருடைய கடமையும் இல்லை.

இதோடு வேகக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 500 ஜிபி என்பது 40 லட்சம் மெகாபிட். உங்களுக்கு நொடிக்கு 4 மெகாபிட் வேகம் நிலையாகக் கிடைத்தால் 10 லட்சம் நொடி, அதாவது பதினொன்றரை நாள், ராத்திரி பகல் நிறுத்தாமல் இறங்க வேண்டும். கரண்ட் போகாமல், லைன் அறுபடாமல். இரண்டு வார நோட்டீஸ் என்பது எவ்வளவு குறுகியது என்று இப்போது தெரிகிறதா? அதுவும் அந்த நோட்டீஸ் உங்கள் கண்ணில் பட்டால்தான்.

சைகோன் கடிதங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதை இது. பிரெஞ்சுக் காலத்தில் காரைக்கால் பகுதியிலிருந்து நிறையப் பேர் இந்தோசீனாவுக்கு, முக்கியமாக சைகோனுக்கு, ராணுவத்திலும் அரசாங்க வேலையிலும் போனார்கள். இந்த வீட்டுத் தாத்தாவும் போனவர். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள், ஸ்டுடியோவில் எடுத்த படங்கள், கல்யாணப் பதிவின் நகல், ஒரு நிலப் பத்திரம் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பேரன் அக்கறையாக எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஓர் ஆன்லைன் சேமிப்புச் சேவையில் ஏற்றினார். அப்போது அது இலவசம். பிறகு பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது மழையில் நனைந்து பெட்டி கெட்டது. "ஸ்கேன் இருக்கே" என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பேரன் வேலை மாறி, மின்னஞ்சல் முகவரியும் மாறினார். சேவை மூடப்போகும் அறிவிப்பு பழைய முகவரிக்குப் போனது. அவர் தேடிப் போனபோது அந்த முகவரியில் வேறு ஏதோ விளம்பரப் பக்கம் இருந்தது.

இதில் எனக்கு உறைத்த விஷயம், எது திரும்பக் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதுதான். கல்யாணப் பதிவு கிடைத்தது. நிலப் பத்திரத்தின் விவரமும் கிடைத்தது. கடிதங்களும் படங்களும் கிடைக்கவில்லை. பாட்டியின் இளவயது முகம் இனி அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கல்யாணப் பதிவு ஏன் கிடைத்தது? அதற்கு 1776-க்குப் போக வேண்டும்.

மூன்றாவது பிரதி

1776 ஜூனில் பதினாறாம் லூயி மன்னர் ஓர் ஆணை போட்டார். பிரெஞ்சுக் காலனிகளில் எழுதப்படும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள், நோட்டரி பத்திரங்கள் போன்றவற்றுக்குக் கூடுதலாக ஒரு பிரதி எடுத்து பிரான்ஸுக்கு அனுப்ப வேண்டும். அவற்றைச் சேர்த்துவைக்க வெர்சாயில் தனிக் காப்பகம். பதிவேடுகள் உள்ளூரிலேயே இரட்டையாக எழுதப்படும் வழக்கம் பிரெஞ்சு முறையில் ஏற்கெனவே இருந்தது. ஆக இது மூன்றாவது பிரதி, அதுவும் கடல் தாண்டி.

நோக்கம் நடைமுறை சார்ந்தது. சொத்து, வாரிசு வழக்கு என்று வந்தால் சான்று வேண்டும். வெப்பத்திலும் ஈரத்திலும் கறையானிலும் காகிதம் நிற்காது. ஆட்சியும் நிற்காது. காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். ஆணை வந்த இரண்டே வருடத்தில், 1778-ல், மறுபடி பிடித்தார்கள். 1793-ல் இன்னொரு தரம். இன்றைய பாஷையில் சொன்னால், சர்வர் இருக்கும் ஊரே அடிக்கடி நிர்வாகம் மாறிக்கொண்டிருந்தது.

அந்தப் பிரதிகள் இப்போது தெற்கு பிரான்ஸின் ஆக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில், கடல்கடந்த பிரதேசங்களுக்கான தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய காரைக்கால் பதிவேடுகளை வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் புரட்டலாம். நான் பல ராத்திரி புரட்டியிருக்கிறேன். அரசாங்கம் பதிந்த வாழ்க்கைக்கு மூன்று பிரதி இருந்தது. தாத்தா கைப்பட எழுதிய வாழ்க்கைக்கு, பெட்டி போனபின், ஒரே ஒரு பிரதி. வித்தியாசம் அவ்வளவுதான்.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 விதியைக் கணினிக்காரர்கள் இன்று மந்திரம் போலச் சொல்வோம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வெர்சாய் ஆணை இதற்கு ரொம்பக் கிட்டே வருகிறது. ஆன்லைன் சேமிப்பின் காலத்துக்காக நான் அதில் ஒன்றே ஒன்றைச் சேர்ப்பேன்: பிரதிகளில் ஒன்றாவது வேறு ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். கிலோமீட்டர் தூரம் மட்டும் போதாது. போனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று வைத்து, மூன்றும் ஒரே கணக்கில் தானாக ஒத்திசைந்துகொண்டிருந்தால் அது ஒரே பிரதிதான். ஓரிடத்தில் அழித்தால் மூன்றிலும் அழியும். ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு.

சரி, என்ன செய்வது?

முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: எந்தெந்தச் சேவையில் என்ன இருக்கிறது, ஒவ்வொன்றும் எந்த மின்னஞ்சலோடு, எந்த போன் நம்பரோடு இணைக்கப்பட்டிருக்கிறது. கைவிட்ட முகவரி ஏதாவது இருந்தால் இன்றே மாற்றுங்கள். சைகோன் கடிதங்கள் போனது ஹார்ட் டிஸ்க் கெட்டு அல்ல, ஒரு மின்னஞ்சல் படிக்கப்படாமல்.

வருடத்துக்கு இரண்டு முறை எல்லாவற்றையும் இறக்குங்கள். தேதி மறந்துபோகும் என்றால் பொங்கலுக்கு ஒன்று, ஆயுத பூஜைக்கு ஒன்று. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிற அன்றைக்கே பேக்கப்பும் எடுத்துவிடலாம். கூகுளில் இதற்கு டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. படங்களை இறக்கும்போது ஒவ்வொரு படத்தோடும் ஜேசன் என்ற சிறு ஃபைல் வரும். குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள், நீங்கள் எழுதிய குறிப்பும் தேதியும் அதில் இருக்கும்.

இறக்கியதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வீட்டிலும், இன்னொன்றில் வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீட்டிலும் வையுங்கள். நம்முடையது கடலோர மாவட்டம். 2004 சுனாமியும் 2018 கஜாவும் யாருக்கும் மறந்திருக்காது. திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ அக்கா, சித்தப்பா யாராவது இருப்பார்கள். பென் டிரைவை நம்பி வருடக்கணக்கில் டிராயரில் போட்டு வைக்காதீர்கள். மின்சாரம் படாமல் கிடந்தால் அதில் பதிந்தது மெல்ல மங்கும்.

நகல் எடுத்ததும் செக்சம் ஒன்றும் கணக்கிட்டு வையுங்கள். ஷா-256 போன்ற முறை ஒரு ஃபைலுக்கு ஒரு கைரேகை மாதிரி எண் கொடுக்கும். அடுத்த வருடம் அதே எண் வந்தால் ஃபைலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று அர்த்தம். இலவச மென்பொருள்களே இதற்குப் போதும்.

பெயர் வைப்பதில் சோம்பல் வேண்டாம். கேமரா தானாகக் கொடுத்த எண்ணை வைத்துக்கொண்டு முப்பது வருடம் கழித்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆள், ஊர், வருடம் மூன்றும் பெயரில் இருக்கட்டும். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள்: பிரெஞ்சு ஆவணத்தில் அது 'நெதூன்காதூ' என்று வாசிக்கும்படி எழுதப்பட்டிருக்கும். இரண்டு பெயரும் குறிப்பில் இருந்தால்தான் அடுத்து தேடுகிறவருக்குச் சிக்கும்.

கூகுள் கணக்கு உள்ளவர்கள், செயலற்ற கணக்கு நிர்வாகி என்ற அமைப்பில் ஒரு நம்பகமானவரைச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் குறிப்பிட்ட காலம் வராவிட்டால், நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபைல்களை அவர் எடுத்துக்கொள்ள வழி திறக்கும். வீட்டில் பேசக் கொஞ்சம் சங்கடமான விஷயம்தான். ஐந்து நிமிஷம் பேசி முடித்துவிடுங்கள்.

ஊருக்குப் பொதுவான விஷயமாக இருந்து, குடும்பத்துக்கும் சம்மதம் என்றால், ஒரு பிரதியை இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுக் காப்பகத்தில் போடலாம். அதுவும் என்றைக்கும் நிலைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. 2017 ஆகஸ்டில், திருட்டுப் படம் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவினால் அந்தத் தளமே இந்தியாவில் கொஞ்ச நாள் திறக்கவில்லை. 2024 அக்டோபரில் ஹேக்கர்கள் தாக்கிச் சில நாள் முடங்கியது. ஆகவே அதையும் ஒரு பிரதியாக மட்டும் எண்ணுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. எங்கே தொடங்குவது என்றால் சான்றிதழ்களில் தொடங்காதீர்கள். பதிவுத் திருமணச் சான்றுக்கும், பத்திரத்துக்கும், மார்க் ஷீட்டுக்கும் ஏதோ ஓர் அலுவலகத்தில் இன்னொரு பிரதி இருக்கும், அலைந்தால் கிடைத்துவிடும். உலகத்தில் வேறு எங்கும் இல்லாதது எது என்று பாருங்கள். அம்மாவின் கையெழுத்தில் இருக்கிற சமையல் நோட்டு, அப்பாவின் குரல் பதிவு, பின்னால் பெயர் எழுதாத ஒரு குழுப்படம். இந்த வாரம் அதற்கு மட்டும் இரண்டாவது பிரதி எடுத்து வேறு ஒருவர் கையில் கொடுங்கள். குழுப்படத்தில் யார் யார் என்று சொல்லக்கூடியவர் வீட்டில் இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதிவிடுங்கள். ஸ்கேன் அப்புறம் பண்ணிக்கொள்ளலாம்.